செத்த நேரம்

அவரிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர்களில் பாதிப் பேர், பதில் வருவதற்குள் போய்விடுவார்கள். அவர் எங்கள் ஆபீஸுக்கு வந்த முதல் நாள் நானும் அப்படித்தான் போனேன். "அண்ணே, டீ குடிச்சிட்டு வருவோமா?" என்று கேட்டேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை என்று நினைத்து நான் மட்டும் கீழே இறங்கிப் போய்க் குடித்துவிட்டு, மேலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகு, "குடிப்போம் தம்பி" என்று எழுந்தார். அந்த முகத்தைப் பார்த்து, நான் குடித்துவிட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. மறுபடியும் இறங்கிப் போய் இரண்டாவது டீ குடித்தேன்.

ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பேண்டேஜ் துணிக் குடோன். அதன் மாடியில்தான் எங்கள் அனிமேஷன் ஆபீஸ். முதலாளியின் மகன் அந்தப் படிப்பைப் படித்துவிட்டு வந்து ஆரம்பித்தது. பிறகு மகன் கனடாவுக்குப் போய்விட்டான். வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்களைத் தூக்கிப் போட முடியாமல், கீழே துணியையும் மேலே எங்களையும் அப்பாவே பார்த்துக்கொண்டார். கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் நின்று தெலுங்கு வந்துவிடும். தெலுங்கு வந்தால் நாங்கள் ஹெட்போனை மாட்டிக்கொள்வோம்.

நாங்கள் செய்தது ஒரு மாயாஜாலத் தொடர். சென்னைக் கம்பெனி ஒன்று தயாரித்து, அதில் ஒரு பகுதி வேலையை எங்களுக்குக் கொடுத்திருந்தது. காற்றை ஏவத் தெரிந்த ஒரு பெண், அவளுடைய தம்பி, சூனியக்காரர்கள், பறக்கும் யானை. முதல் சீசனில் எபிசோடுக்கு ஒரு கோட்டை இடிந்து விழும். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் பார்த்தார்கள். அதன் கடைசி எபிசோடில் தம்பி கல்லாகிப் போவான். அவர்களோடு கூடவே திரிந்த ஒரு திருட்டுப் பையன் எதிரிக்கு வழி காட்டிவிட்டதால் வந்த வினை. இரண்டாவது சீசன் அங்கிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சீசனுக்காகத்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள்.

முழுப் படமும் வரைவதற்கு முன்னால், பென்சில் சித்திரங்களைக் குரலோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கும் வேலை ஒன்று உண்டு. யார் எவ்வளவு நேரம் திரையில் நிற்பது, ஒருத்தி பேசி முடித்தபின் எதிரே இருப்பவன் எப்போது திரும்புவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அது அவர் வேலை. அவர் முடித்ததை வாங்கிக் கோத்து எடிட் செய்வது என் வேலை. பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒரு காட்சியை நான் எடுக்கப் போனால், "செத்த நேரம் இருக்கட்டும் தம்பி" என்பார். காட்சி இன்னும் செத்த நேரம் அவரிடம் இருக்கட்டும் என்கிறாரா, அதில் நிற்கிற ஆள் திரையில் செத்த நேரம் இருக்கட்டும் என்கிறாரா என்று முதலில் புரியாது. இரண்டும்தான்.

முதல் எபிசோடுக்கு வந்த கதைத்தாளில், அக்காள்காரி கல்லான தம்பியைக் கட்டிக்கொண்டு இரண்டு வரி அழுதுவிட்டு யானை மேல் ஏறிப் பழிவாங்கக் கிளம்பிவிடுவாள். அவர் அந்த இரண்டு வரியை நீக்கவில்லை. அதற்கப்புறம் சேர்த்தார். பொழுது சாய்கிறது. அவள் ஒரு போர்வையைக் கொண்டுவந்து கல்லின் மேல் போர்த்துகிறாள். விடிகிறது. போர்வை பனியில் நனைந்திருக்கிறது. அதை எடுத்துப் பிழிந்து காயப்போடுகிறாள். பேச்சு கிடையாது, இசைக்கும் குறிப்பு எழுதவில்லை. பிழிகிறபோது அவளுடைய கை இரண்டாவது முறையாக முறுக்குகிற இடத்தை மட்டும் அவர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னையிலிருந்து இயக்குநர் அம்மா வீடியோ காலில் வந்தார். நல்ல பொண்ணுதான், படபடவென்று பேசுவார்.

"சார், நெட்டு போயிருச்சுன்னு நெனச்சு நான் ரூட்டரையே ஆஃப் பண்ணிட்டேன். பாத்தா சீனே அப்படித்தானாம். இது ஃபேன்டஸி சார். அவ ஏன் துணி பிழியறா?"

நாங்கள் எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் திரையில் தெரிந்த அந்த அம்மாவைப் பார்த்தார். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கேக்குறாங்கல்ல?" என்றார். அதற்குள் அந்த அம்மா வேறு ஒரு மீட்டிங்குக்குப் போக வேண்டியிருந்தது. "சரி, ரெண்டு எபிசோடு இப்படியே போகட்டும், பாப்போம்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவரை ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏற்றிவிடக் கூடப் போனேன். தினமும் அங்கிருந்துதான் வந்து போவார். பஸ் வந்து, கூட்டம் ஏறி, அவரும் படியில் கால் வைத்த பிறகு திரும்பிச் சொன்னார்: "போன சீசன்ல அந்தப் பொம்பளப் பிள்ள ஓடிக்கிட்டேதான தம்பி இருந்துச்சு. அது எப்படிப்பட்ட பிள்ளன்னு நமக்குத் தெரியாது. இப்பத்தான் ஒரு எடத்துல நிக்கிது. இப்ப பாத்தாத்தான் உண்டு."

காலையில் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். கேட்டவர் சென்னையில் இருந்தார். காதில் வாங்கிக்கொண்டது நானும், "உள்ள போங்கய்யா" என்று கத்திய கண்டக்டரும்தான்.

இப்படிச் சொல்வதால் அவரை ஏதோ ஞானி மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட இருப்பது சிரமம். போனில் "ஹலோ" என்றால் மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். ஓட்டலில் என்ன வேண்டும் என்று சப்ளையர் கேட்டால் நான்தான் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பக்கத்து மேஜைக்குப் போய்விடுவான். சில நாள் எனக்கே எரிச்சல் வந்து பேசாமல் இருந்திருக்கிறேன். நான் பேசாமல் இருப்பதை அவர் கவனித்த மாதிரியும் தெரியாது.

ஒருமுறை நான் பெங்களூரில் ஒரு வேலைக்கு எழுதிப்போட்டு, மூன்று சுற்று பேசி, கடைசியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். முதலாளி, "இங்க என்ன கொறச்சல் உனக்கு?" என்றார். இவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வாரக் கடைசியில் கணக்கில்லாமல் மழை. குடோன் வாசலில் இருவரும் ஒதுங்கி நின்றோம். ஈரத்துணி வாடை. எதிர்வீட்டுத் தகரத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பெங்களூர் போயிருந்தா எனக்குப் பேச்சுத்தொணைக்கு ஆளில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவருக்குப் பேச்சுத்துணை! சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்ததே எனக்கு வெகுநாள் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போனவன், அப்படியே அவர் வீட்டைத் தேடிப் போனேன். தேர் நிற்கும் இடத்திலிருந்து பிரிகிற சந்தில் சின்ன வாடகை வீடு. கதவு திறந்து கிடந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஊசியில் நூல் இல்லை, தைக்கத் துணியும் இல்லை. அவர் உட்கார்ந்து வெறும் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

காபி போட்டுக் கொடுத்தார். நானும் குடித்தேன். விசேஷத்தில் சாப்பிட்டதைப் பற்றியெல்லாம் நானே பேசினேன். கிளம்பும்போது சொன்னார்: "மெஷினு ஓடாமக் கெடந்தா இறுகிப்போகும் தம்பி. ஒங்க மதினியோடது. அம்மா வீட்டுக்குப் போயிருக்கா." எப்போது போனார், எதற்குப் போனார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் வரும்வரை அங்கேயே தங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது சீசன் வெளியானது. முதல் இரண்டு மூன்று எபிசோடுக்கே சனம் திட்டத் தொடங்கிவிட்டது. "இழுவை", "ஸ்பீடு ரெண்டு மடங்கு வெச்சுப் பாத்தாலும் நகரல", "யானை எங்கடா?" என்றெல்லாம் எழுதினார்கள். சென்னையிலிருந்து தினமும் போன். முதலாளி நாள் முழுக்கத் தெலுங்கிலேயே இருந்தார்.

அப்போது நாங்கள் செய்துகொண்டிருந்தது பின்பாதி எபிசோடு ஒன்று. திருட்டுப் பையன் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கும் காட்சி. கதைத்தாளில் அவன் கேட்பான், அவள் "பரவாயில்லை, வா" என்பாள், இருவரும் யானை ஏறுவார்கள். அவர் செய்து வைத்திருந்தது வேறு. பையன் மன்னிப்புக் கேட்கிறான். அவள் ஈரத்துணியால் தம்பியின் கல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். துடைப்பதை நிறுத்தவில்லை. காதோரம் படிந்த புழுதியை எடுக்கிறாள். பையன் போய்விடலாமா என்று ஒரு காலைப் பின்னால் வைக்கிறான். அப்போது அவள், உட்கார்ந்திருக்கும் படியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறாள். அவ்வளவுதான். அந்த முகத்தில் கோபம் போகவும் இல்லை. பார்த்தபோது எனக்கு என் அண்ணன் ஞாபகம் வந்தது, ஏனென்று தெரியவில்லை.

"இத வெட்டணும்" என்றார் முதலாளி. இயக்குநர் அம்மாவும் அதையேதான் சொன்னார். "சார், எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எனக்குப் பிடிச்சு என்ன பண்ண? எல்லாத்தையும் பாதியா கொறச்சுக் குடுங்க." அவர் தலையாட்டினாரா என்று கூடத் தெரியவில்லை. வெட்டவும் இல்லை.

அந்த வாரந்தான் என் மேஜைப் பக்கம் வந்து நின்று, "தம்பி, ஞாயித்துக்கெழம செட்டியார்பட்டி வரைக்கும் என்கூட வாரீயளா?" என்று கேட்டார். அவராக ஒன்றைக் கேட்டது எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

செட்டியார்பட்டி மதினியின் ஊர். கூட்டிக்கொண்டு வரப் பேச்சுவார்த்தை. இவர் பக்கம் பேசப் பெரியவர்கள் இல்லை, அதனால் நான். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மதினியின் தாய்மாமனும், ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு மதினி நின்றார். நான் அப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். மெலிந்த முகம்.

அண்ணன்தான் ஆரம்பித்தார். "அடிச்சாரா? இல்ல. குடிப்பாரா? இல்ல. வேற தொடுப்பு எதும் உண்டுமா? அதும் இல்ல. பின்ன என்னட்டீன்னு கேட்டா எந்தங்கச்சி சொல்லுதா, 'செவுத்தோட எம்புட்டு நாளைக்குண்ணே பேச'ன்னு. நாங்க இத என்னன்னு நாலு பேர்கிட்ட சொல்ல?"

மாமன் கையமர்த்தினார். "விடப்பா. அவளும் வாரேங்கா. மாப்ளே, நடந்தது நடந்துபோச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. கூட்டிட்டுப் போறீயளா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மதினியைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அவர் எச்சில் விழுங்கியது கேட்டது. முழங்காலில் கையை ஊன்றியிருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ குழாயடிக்குக் குடம் எடுத்துப் போனார்கள்.

"இதுக்குமா யோசன?" என்றார் அண்ணன்.

"செத்த பொறுங்க, அவரு சொல்வாரு" என்றேன் நான்.

"போதும் மாமா" என்றார் மதினி. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எந்திரிங்க." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டார். இவர் மட்டும், வாயை லேசாகத் திறந்தபடி, சாத்திய கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. ராஜபாளையம் நெருங்கியபோது சொன்னார், "வான்னு சொல்லத்தான் தம்பி வாயத் தொறந்தேன்."

திங்கள்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தார். முகமும் கழுத்தும் வெயிலில் கன்றிப்போயிருந்தன. உட்கார்ந்தவர் யாரிடமும் பேசாமல் மொத்த எபிசோடையும் வெட்டித் தள்ளினார். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை. கல் முகம் துடைக்கிற காட்சி போயிற்று. பையன் கேட்கிறான், அவள் "பரவாயில்லை" என்கிறாள், யானை பறக்கிறது. மிச்ச எபிசோடுகளையும் அதேபோல் முடித்துக் கொடுத்தார். சென்னையில் எல்லாருக்கும் சந்தோஷம். முதலாளி கீழே போய் எல்லாருக்கும் பப்ஸ் வாங்கி வரச் சொன்னார்.

"ஒங்களுக்கு வருத்தமா இல்லையாண்ணே?" என்று கேட்டேன்.

மறுநாள் டீக்கடையில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "வருத்தந்தான்" என்றார்.

பின்பாதி வெளியானபோது சனம் வேறு மாதிரித் திட்டியது. முன்பாதி நகரவே இல்லை, பின்பாதியில் என்ன அவசரம், நேற்று வரை துரோகியாக இருந்தவன் இன்றைக்கு எப்படி நண்பனானான், அவள் எப்போது மனம் மாறினாள், ஒன்றும் புரியவில்லை என்று. மூன்றாவது சீசன் வரவில்லை. சென்னைக் கம்பெனி வேறு வேலையும் தரவில்லை. மாடியில் துணிப் பொதிகள் ஏறின. எங்களுக்கெல்லாம் சம்பளத்தை நேர்மையாகக் கொடுத்து அனுப்பினார் முதலாளி. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்யச் சேர்ந்தேன். இனிமேல் அடிக்கடி பார்க்கலாம் என்று அந்தச் சந்துக்குப் போனால், வீட்டில் வேறு குடும்பம். அவர் காலிசெய்து போய் ஒரு மாதமாகிறது என்றார்கள். போன் எண் உபயோகத்தில் இல்லை. ஹைதராபாத் என்றான் ஒருவன். இல்லை, கொச்சி என்றான் இன்னொருவன்.

போன ஆடி மாதம், வேலை முடிந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, ராஜபாளையத்துக் கம்பெனித் தம்பிதான நீங்க?" என்று குரல் கேட்டது. மதினி. கோயிலுக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாராம். நைட்டி தைக்கிற கம்பெனியில் இப்போது சூப்பர்வைசராக இருப்பதாகச் சொன்னார். முகம் தெளிந்திருந்தது. கையில் துணிப்பை. நலம் விசாரித்தோம். பிறகு தொடரைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார்.

"மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல போன்ல போட்டுப் பாப்போம், எங்க செக்சன் பிள்ளையளும் நானும். மொதல்ல அந்தப் பொண்ணு போர்வயப் பிழிஞ்சுது பாருங்க, பிள்ளையெல்லாம் 'தள்ளி விடுங்கக்கா'ன்னுதுங்க. நான் தள்ள விடல. பொறவு அந்தத் திருட்டுப்பய வந்து கேட்டதும் சட்டுனு மன்னிச்சிட்டா. அது அவிய செஞ்சதா இருக்காதேன்னு நெனச்சேன்."

"அவர் வேற மாதிரி செஞ்சிருந்தாரு மதினி. வெட்டச் சொல்லிட்டாங்க."

"யாரு வெட்டுனா?"

"அவரேதான்."

மதினி பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். "அன்னைக்கு எங்க வீட்டுல அவிய பேசப் போறாருன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றார். "அந்த ஒதடு எப்ப அசையும்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு முன்னயே உள்ள போயிறணும்னுதான் போனேன்."

"ஏன் மதினி?"

"எங்களுக்கு ஒண்ணு தங்காமப் போச்சு. ஏழாம் மாசம். ஆம்பளப் பிள்ள. ஆஸ்பத்திரில படுத்துக்கெடந்து அவியகிட்டக் கேட்டேன், பேரில்லாமப் போயிருச்சே, நீங்க என்ன பேரு வச்சிருப்பீயன்னு. செவுத்தப் பாத்துக்கிட்டு இருந்தாரு. சரி, மனசுக்குள்ள ஒண்ணுமில்ல போலன்னு விட்டுட்டேன். அழுது, படுத்து, பொறவு எந்திரிச்சு, ரெண்டு வாய் சோறு உள்ள எறங்குற மாதிரி ஆச்சு. ஒருநா மாவாட்டிக்கிட்டு இருக்கேன். பின்னால வந்து நின்னு பேரச் சொல்லுதாரு. ஆறு மாசம் கழிச்சு. அம்புட்டு நாளும் அதத்தான் யோசிச்சிருக்காரு. எனக்கு மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருச்சு தம்பி."

திருநெல்வேலி பஸ் ஒன்று வந்து, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"பேச்சு முடிஞ்ச மறுநா, கம்பெனி வாசலுக்கு வந்துட்டாரு" என்றார் மதினி. "நான் உள்ள போற நேரம். 'வா, நம்ம வீட்டுக்குப் போவோம்'னாரு. யாரும் கேக்காமயே சொன்னாரு. எனக்குத்தான் வாய் வரல. உள்ள போயிட்டேன். மத்தியானம் சன்னல் வழியாப் பாத்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெயில்ல நிக்காரு. நான் பதில் சொல்லுவேன்னு நிக்காரு. பிள்ளையெல்லாம் யாருக்கா அதுன்னு கேட்டுதுங்க. சாயந்தரம் வேல முடிஞ்சு பாத்தேன், அப்பயும் நின்னாரு. நான் பின்வாசல் வழியா வீட்டுக்குப் போயிட்டேன்."

ராஜபாளையம் பஸ் வந்தது. மதினி சேலை முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியருகே போய்த் திரும்பினார்.

"அவியளப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லாதீய தம்பி. நல்லா இருக்காருல்ல?"

"நல்லா இருக்காரு மதினி" என்றேன்.

"எங்க இருக்காரு?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். மதினி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பஸ் வளைந்து வெளியே போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லவில்லை.